சிட்டியும் சிட்டுக்குருவியும்: ‘2.0’ திரைப்படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இறையியல் ஏட்டில் திரைப்படம் பற்றி எழுதுவது தேவைதானா என ஐயுறும் வாசகர் இருக்கக்கூடும். நம் சபை மக்கள் அருளுரைக்குச் செவிகொடுக்கும் நேரம் வாரத்திற்கு அரைமணி. திரைக்கு முன் அமர்ந்திருக்கும் நேரமோ அதனினும் பன்மடங்கு. படைத்தவன், படைப்பு, சாவு, மீண்டெழுதல் என்பன பற்றி அவர்கள் கொண்டுள்ள எண்ணங்களுள் பல அங்கிருந்தே வருகின்றன. இவற்றை ஆயர் அறியாதிருத்தல் நன்றன்று.

அண்மையில் தாம்பரத்தில் இறையியல் மாணவர் சிலருடன் அமர்ந்து, அடுத்தடுத்த இரு மாலைகளில் ‘எந்திரன்’, ‘2.0’ ஆகிய இரு படங்களையும் மீண்டும் காண நேர்ந்தது. இரண்டாம் மாலை படம் முடிந்ததும் மாணவர் ஒருவர், “ஐயா, முதல் படத்தின் கதை முடிந்துவிட்டதே. பிறகு இது எதற்காக?” என்று கேட்டார். பணத்திற்காக என்று கூறிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அது விடையாகாது. பணத்திற்காகச் செய்யப்பட்ட நற்பணிகளும் உலகில் உண்டு. ஒரு தொடர்ச்சிப் படம் தான் பிறந்ததற்கு நியாயம் கூறமுடியுமா என்பதே அவர் எழுப்பிய வினா. அதனை நாம் சற்று ஆராய விரும்புகிறோம்.

‘எந்திரன்’ 2010 அக்டோபரில் வெளிவந்தது. சங்கர் இயக்கிய அப்படத்தின் உரையாடலில் எழுத்தாளர் சுஜாதாவின் கை உண்டு. 2008 பிப்ரவரியில் மறைந்த அவர் படத்தைக் காணவில்லை. கதையை யாவரும் அறிவர். வசீகரன் என்னும் அறிவியலாளர் சிட்டி என்னும் இயந்திர மனிதனை உருவாக்குகிறார். தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அவன் ஆடையின்றியே தூக்கிவந்து பலர் முன் நிறுத்திவிடுகிறான். அவள் நாணித் தலைதெறிக்க ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரைக் காக்கத் தெரிந்தவனுக்கு மானத்தைக் காக்கத் தெரியவில்லை. இதனால் அவனுக்கு உணர்வு ஊட்டப்படுகிறது. உணர்வோடு ஆசையும் வருகிறது. அவன் தன்னைப் படைத்தவரின் காதலியை விரும்புகிறான், படைத்தவராலேயே வெட்டி எறியப்படுகிறான், தீயோன் ஒருவன் கையில் சிக்கிக் கொலைஞனாகிறான். அவன் வீசப்படும் குப்பைமேட்டைக் கண்டபோது, இப்பகுதியில் வாழும் நமக்குப் பெருங்குடி நினைவிற்கு வந்தது.

அப்படத்தின் சிறப்பு அதன் முடிவில் இருக்கிறது. சிட்டியைப் பிரித்துவிடுமாறு நீதிமன்றம் ஆணையிடுகிறது. அவன் தானே தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறான், அருகில் நிற்போரிடம் விடைபெறுகிறான். பின்னர் 2030ஆம் ஆண்டில் ஓர் அருங்காட்சியகத்தில், நீ ஏன் பிரிக்கப்பட்டாய் என்று ஒரு குழந்தை கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று விடையளிக்கிறான். ஆரவாரம் நிறைந்த அப்படம் இவ்விடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. வல்லமை மிக்க ஒருவன் தன் வல்லமையைத் தானே களைந்து வைக்கும் காட்சி நம் தமிழ்த் திரையில் மிக அரிது. (அந்த நடிகரின் பிற படங்களில் அதைத் தேடிக் களைப்புறவேண்டாம்.)

இம்முடிவுக்குப் பின் ஒரு தொடர்ச்சி எழுமாயின் அது எதைச் சொல்லவேண்டும்?

தொடர்ச்சி என்னும் வடிவம் நமக்குப் புதியதன்று. லூக்கா தம் நற்செய்தியை எழுதி முடித்தபின் அதே தெயோப்பிலுவுக்கு மற்றொரு நூல் எழுதினார். அதன் முதல் வரியிலேயே முந்திய நூலைச் சுட்டுகிறார். ஆயினும் அங்கேயே தங்குவதில்லை. எருசலேமில் தொடங்கி உரோமைவரை, முதல் நூல் மிதியாத மண்ணையெல்லாம் மிதித்துச் செல்கிறார். நாளாகமங்களின் ஆசிரியரோ சாமுவேல், இராஜாக்கள் நூல்கள் கூறிய கதையையே திரும்பக் கூறுகிறார், அதிலும் பத்சேபாளின் நிகழ்ச்சியைக் கூறாது விடுகிறார். ஏக்கத்தோடு பின்னோக்கும் கண் எதைப் பாராது விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. சிறையிருப்பிலிருந்து மீண்டு சிதைந்து கிடந்த ஒரு மக்களுக்கு ஆலயத்தையும் வழிபாட்டையும் நினைவூட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. எனவே பின்னோக்குவதே குற்றமன்று. யாருக்காக, எத்தேவைக்காகப் பின்னோக்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

தமிழ் அறிவியல் புனைகதையிலேயே நல்ல தொடர்ச்சிக்கு எடுத்துக்காட்டு உண்டு. சுஜாதா 1980களில் ‘என் இனிய இயந்திரா’ எழுதினார், பின்னர் ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். ஜீனோ ஓர் இயந்திர நாய். முதல் நாவலில் சர்வாதிகாரியின் பொய்முகம் வெளிப்படுகிறது. பொய் வெளிப்பட்டபின் ஆட்சி யார் கையில் சேரும் என்ற வினா எஞ்சி நிற்கிறது, இரண்டாம் நாவல் அதனை எடுத்துக்கொள்கிறது. நாயின்மீது வாசகர் கொண்ட அன்பை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளாமல் இல்லை. ஆயினும் நாய்க்குச் செய்ய ஒரு வேலை இருந்தது. அந்நாவலின் நாயகி பெயர் நிலா. ‘2.0’ படத்தில் வரும் பெண் இயந்திரத்தின் பெயரும் நிலா. சுஜாதாவுக்குச் செலுத்திய வணக்கம் என்றே இதைக் கொள்ள விரும்புகிறோம்.

இனி ‘2.0’. இது 2018 நவம்பர் 29 அன்று வெளிவந்தது. ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவாயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. ஒரு முதியவர் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறித் தூக்கிட்டுக்கொள்வதோடு படம் தொடங்குகிறது. அதன்பின் சென்னை நகரத்தார் கையிலிருந்த கைப்பேசிகள் யாவும் வானில் பறந்து மறைகின்றன. அந்த ஆற்றலை எதிர்க்கச் சிட்டியை மீண்டும் பூட்டி எழுப்புகின்றனர். இடைவேளைக்குப் பின்னரே அம்முதியவர் யார் என்பதை அறிகிறோம். அவர் பெயர் பட்சிராஜன். பறவையியல் அறிஞர். அவருடைய தோற்றமும் வாழ்வும் சலீம் அலியை நினைவூட்டுகின்றன. (1896இல் பிறந்து 1987இல் மறைந்த சலீம் அலி, சிறுவனாயிருந்தபோது தாம் சுட்ட ஒரு குருவியைப் பற்றி அறிய விரும்பிப் பறவையியலுக்கு வந்தவர். தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ‘ஒரு குருவியின் வீழ்ச்சி’ எனப் பொருள்படும் தலைப்பையே இட்டார். அத்தலைப்பின் வேர் மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் உள்ளது என்பதை நம் மாணவருக்குச் சொல்லவேண்டியதில்லை.)

கைப்பேசிக் கதிர்களால் பறவைகள் மடிகின்றன என்று பட்சிராஜன் நம்புகிறார். அலுவலகந்தோறும் முறையிடுகிறார், நீதிமன்றம் செல்கிறார், தெருவில் நின்று இளைஞரிடம் கெஞ்சுகிறார். ஒருவரும் செவிகொடுக்கவில்லை. இப்பகுதி எரேமியா நூலைப் படித்தவர் எவரையும் தொடும். ஆண்டுக்கணக்கில் ஒன்றைச் சொல்லியும் கேட்கப்படாதவனின் களைப்பை அக்சய் குமார் தம் முதுகின் வளைவிலேயே காட்டிவிடுகிறார். ‘புள்ளினங்காள்’ என்னும் பாடல் நா. முத்துக்குமார் எழுதியது. அவர் 2016இல் மறைந்தார். அதனைப் பாடியவருள் ஒருவரான பம்பா பாக்யாவும் 2022இல் மறைந்துவிட்டார். இவ்விருவரையும் எண்ணிக்கொண்டு இன்று கேட்கும்போது அப்பாடலின் கனம் மிகுகிறது. முதற்படத்தில் இல்லாத ஒரு துயரத்தை இத்தொடர்ச்சி கொண்டுவந்தது என்றால், அது இந்தப் பகுதியில்தான்.

ஆனால் அறிவியல் புனைவு அறிவியலுக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டும். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் ஏறத்தாழ நிலையாகவே உள்ளது என்றும், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் கூறியது. கோபுரக் கதிர்களே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இதுவரை கிடைத்ததில்லை. கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் 2018இல் தணிக்கை வாரியத்திடம் இப்படத்தைப்பற்றி முறையிட்டது. அது தன் வணிகத்தைக் காக்கவே அவ்வாறு செய்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் முறையிட்டவரின் நோக்கம் தவறாயிருப்பதால் படத்தின் அறிவியல் சரியாகிவிடாது.

பறவைகள் மனிதன் கையால் மடிந்த மெய்யான கதை ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உச்சிவேளையில் இரு கழுகுகள் வந்து உணவு உண்டு சென்றதை நம்முள் மூத்தோர் கண்டிருக்கிறோம். 1990களின் இறுதியில் அவ்வரவு நின்றுபோயிற்று. அப்பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது தனிக் கேள்வி. ஆனால் அக்காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. மாடுகளுக்கு ஊசியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என 2004இல் அறிவியலார் நிறுவினர். 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. இங்கே பேயும் இல்லை, ஆராவும் இல்லை. பொறுமையாகப் பிணங்களை அறுத்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் சொன்னதை ஓர் அரசு, தாமதமாகவேனும், கேட்டது. நம் தென்புறநகர்களில் குருவிக்குக் கூடுகட்ட ஓட்டுக் கூரையும் இறவாரமும் இல்லாமற்போனதும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பையும் சாலையும் கட்டடமும் தின்றதும் எவரும் கண்ணால் காணத்தக்கவை. 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே அதன் ஓரத்துப் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. இவற்றிலெல்லாம் குற்றம் நம் வீட்டு வாசற்படிவரை வருகிறது. படமோ குற்றத்தைக் கையிலிருக்கும் கருவியின்மேல் ஏற்றிவிடுகிறது. அக்கருவியையும் படம் முடிந்ததும் நாம் மீண்டும் இயக்கிக்கொள்கிறோம்.

இதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க இயலாதது இறுதிப் போர். அங்கே தொடர்ச்சி தன் துயரத்தை மறந்து பழைய படத்தின் நினைவுக்குள் ஓடுகிறது. முந்திய தீயோன் போராவின் மகன் எங்கிருந்தோ வருகிறான். முதற்படத்தில் கொலைஞனாக்கிய அதே சிவப்புச் சில்லு மீண்டும் பொருத்தப்படுகிறது. அன்று அது வீழ்ச்சியின் அடையாளமாயிருந்தது. இன்று அதைக் கண்டு அரங்கம் கைதட்டுகிறது. தரவரிசை எண்கள் பிள்ளை விளையாட்டு, தான் ஒருவனே என்று அவன் பேசும்போது, பேசுவது சிட்டியன்று, நடிகர் தம் புகழைப்பற்றிப் பேசுகிறார் என்று நாம் அறிவோம். படமும் அறியும். நாம் அறிவோம் என்பதையும் அது அறியும். பின்னர் உள்ளங்கையளவான இயந்திரங்கள் புறாக்களின்மேல் ஏறி வந்து, அப்புறாக்களைக் கொன்றுவிடுவதாக அச்சுறுத்தியே பட்சிராஜனைப் பணியவைக்கின்றன. பறவைகளை நேசித்தவனைப் பறவைகளைப் பணயமாக வைத்து வெல்கிறார்கள்! அதன்பின் வசீகரன் மருத்துவமனையில் அமர்ந்து, அம்மனிதர் கூறியது சரியே என்று அமைச்சருக்கு எடுத்துரைக்கிறார். தாங்கள் வென்ற முறைக்காக ஒருவரும் நாணவில்லை. முதற்படத்தில் நாணித்தான் ஒரு பெண் உயிர்விட்டாள்.

தன்னைத்தானே அறிந்திருத்தல் தொடர்ச்சிக்கு நியாயமாகாதோ எனக் கேட்கலாம். மேனாட்டில் 2021இல் வெளிவந்த ‘தி மேட்ரிக்ஸ் ரெசரெக்‌ஷன்ஸ்’ இவ்வழியில் மிகத் தொலைவு சென்றது. 1999இல் வந்த முதற்படத்தின் நாயகன் இதில் விளையாட்டுகளை வடிவமைப்பவனாக வருகிறான். நீ இசைந்தாலும் இசையாவிட்டாலும் தொடர்ச்சி எடுக்கப்படும் என்று நிறுவனம் அவனிடம் கூறுகிறது. படம் தன் குற்றத்தைத் தானே அறிக்கையிடுகிறது. ஆனால் அறிக்கை மனந்திரும்புதலாகாது என்பதை ஞாயிறுதோறும் பாவ அறிக்கை நடத்தும் நாம் அறிவோம். அப்படத்தைத் தாங்குவது வேறொன்று. பெற்றோரை இழந்த துயரத்திலேயே மாண்ட இருவரையும் மீண்டும் உயிர்ப்பிக்கும் எண்ணம் தமக்குப் பிறந்தது என்று அதன் இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி கூறியிருக்கிறார். நடுவயது கடந்த அவ்விருவரின் முகங்களில் அத்துயரம் தெரிகிறது.

சிட்டியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யோவான் 20இல் உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களையே காட்டுகிறார். மீண்டெழுந்தவர் மரித்தவரே என்பதற்குக் காயமே சாட்சி. ‘2.0’ படத்தின் சிட்டிக்குக் காயம் இல்லை. தன்னைத் தானே கழற்றி வைத்த அந்த மணிநேரத்தை அவன் ஒருமுறையேனும் நினைவுகூர்வதில்லை. 2030இல் அருங்காட்சியகத்தில் நிற்கவேண்டியவனைப் படம் அதற்கு முன்னரே எழுப்பிவிட்டு, அம்முரண்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. முதற்படத்தின் ஆடல், நடை, சிரிப்பு யாவும் திரும்பி வந்தன. அதன் தியாகம் திரும்பி வரவில்லை. ஆகவே இதனைச் சிட்டியின் தொடர்ச்சி என்று ஏற்க நமக்கு மனமில்லை. பட்சிராஜன் என்ற பெயரில் தனியே பிறந்திருக்கவேண்டிய ஒரு படத்தின்மேல் பழைய படம் ஏறி அமர்ந்துவிட்டது.

மாணவரிடம் இவ்வளவையும் கூறி முடிக்க இரவு பத்தரை ஆயிற்று. அவர் சற்று எண்ணிவிட்டு, பட்சிராஜனின் கதையை மட்டும் தனியே எடுத்துச் சபை வாலிபருக்குக் காட்டலாமா என்று கேட்டார். காட்டலாம் என்றோம். தூக்குக் காட்சியை விலக்கிவிடும்படியும், காட்டியபின் வாலிபரை ஒரு விடியற்காலையில் பள்ளிக்கரணைக்கு அழைத்துச் செல்லும்படியும் கேட்டுக்கொண்டோம். கைப்பேசிகளை எடுத்துவரலாமா என்றார். படம் பிடிக்க அது வேண்டும் என்பதால் அதற்கும் இசைந்தோம்.