'மஸ்டாங் வென்றது': எழுவாய் பற்றிச் சில குறிப்புகள்

1964 மார்ச்சில் வந்த 'கார் அண்ட் டிரைவர்' இதழின் அட்டையில் இரண்டு கார்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. ஒன்று இத்தாலியின் ஃபெராரி ஜி.டி.ஓ., மற்றது அமெரிக்காவின் பாண்டியாக் ஜி.டி.ஓ. அது புகைப்படம் அல்ல, ஓவியம். ஓவியமாக இருப்பதற்குக் காரணம் எளிமையானது: ஃபெராரி அங்கே வரவே இல்லை. வந்த பாண்டியாக்கும் கடையில் விற்ற பாண்டியாக் இல்லை. 389 கன அங்குல எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் 421 கன அங்குல எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அந்த வண்டியின் விளம்பரத்தை வகுத்த ஜிம் வேங்கர்ஸே பல பத்தாண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். வராத ஒன்றையும் இல்லாத ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்ட ஒரு பிரதி அது. 'மசில் கார்' என்று பின்னால் பெயர் பெற்ற வகைமை, அதாவது நடுத்தர உடலுக்குள் பெரிய எஞ்சினைத் திணித்துச் சகாய விலைக்கு விற்பது, ஊர்ப் பேச்சானதில் இந்தப் பிரதிக்குப் பெரும் பங்குண்டு.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. ஜி.டி.ஓ. என்ற மூன்று எழுத்துகளில் கடைசி எழுத்து, பந்தய அமைப்பின் ஒப்புதல் பெற்றது என்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லுக்குரியது. பாண்டியாக்குக்கு அப்படி எந்த ஒப்புதலும் கிடையாது. குறிப்பான் கடல் தாண்டி வந்துவிட்டது, குறிப்பீடு இத்தாலியிலேயே நின்றுவிட்டது. இந்த இடத்தில் போத்ரியாவை இழுத்துக்கொண்டு வருவது நம் பக்கங்களில் வழக்கம். நான் இழுக்கப்போவதில்லை. மூலமே இல்லாத நகல் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த நகலுக்குள் யார் வேர்வை சிந்தினார்கள் என்ற கேள்வி கையைவிட்டு நழுவிவிடுகிறது.

பழைய அமெரிக்க கார் இதழ்களைத் தேடித்தேடிச் சேர்க்கிற நண்பர் ஒருவர் உண்டு. அவரால் எனக்கும் இந்தப் பைத்தியம் கொஞ்சம் தொற்றியது. மேற்சொன்ன கதையைச் சொன்னதும் அவர் பதறவில்லை. "பத்திரிகை பொய் சொல்லும்யா, பந்தயத் தடம் பொய் சொல்லாது" என்றார். இந்த ரசிகர் உலகத்தின் அடிப்படை நம்பிக்கை இதுதான். விளம்பரம், விலைப்பட்டியல், வாய்ப்பேச்சு எல்லாம் கருத்தியல். கடிகாரம் மட்டும் உண்மை. இந்த நம்பிக்கையைச் சும்மா தள்ளிவிட முடியாது என்பதால் தடத்துக்கே போய்ப் பார்க்கலாம்.

1966-ல் அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத் தொடர் தொடங்கியது. அதன் பெரிய வகுப்பில் எஞ்சினின் உச்சவரம்பு 5 லிட்டர், அதாவது 305 கன அங்குலம். முதல் இரண்டு ஆண்டுகள் ஃபோர்டு, மஸ்டாங்கை வைத்துப் பட்டம் வாங்கியது. 1968, 1969-ல் செவ்ரோலே, கமாரோவை வைத்து வாங்கியது. 1970-ல் மறுபடி ஃபோர்டு. மஸ்டாங்கா கமாரோவா என்ற இருமை எதிர்வு இன்றுவரை ஓடுவது இந்த ஐந்தாண்டுக் கணக்கை வைத்துத்தான்.

விதிப்படி, மக்களுக்கு விற்கிற வண்டியையே தடத்தில் ஓட்டவேண்டும். நடந்தது தலைகீழ். 305-க்குள் அடங்கும் எஞ்சின் வேண்டும் என்பதற்காகவே செவ்ரோலே, தன் 327 எஞ்சினின் உடம்பில் 283-இன் கிராங்க் தண்டைப் போட்டு 302 கன அங்குலத்தில் ஒன்றைச் செய்து, இசட்/28 என்று பேரிட்டு விற்றது. 1967-ல் விற்றவை 602. தெருவில் ஓடிய வண்டி, தடத்தில் ஓடிய வண்டிக்கான அனுமதிச் சீட்டு. இதற்கு ஃபோர்டு கொடுத்த பதில் பாஸ் 302. இரண்டுக்கும் நிறுவனங்கள் அச்சிட்ட குதிரைத்திறன் ஒன்றே: 290. ஒன்றையொன்று ஒழிக்கக் கிளம்பிய இரண்டு எதிரிகள் காகிதத்தில் மட்டும் இப்படி ஒத்துப்போனது எப்படி? உண்மைத் திறன் இதைவிடக் கூடுதல் என்பதை ஒப்பீட்டாளர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அட்டவணை போடும்போது 290-க்கு எதிரே 290 என்றுதான் எழுதுகிறார்கள்.

ரோஜர் பென்ஸ்கியின் குழு தன் கமாரோவின் உடலை அமிலத்தில் முக்கி, தகட்டை மெலிதாக்கி, எடையைக் குறைத்தது. ஓட்டுநர் மார்க் டோனஹியூ படித்த பொறியாளர். 1975-ல் வந்த தன் புத்தகத்தில் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். புத்தகத்தின் பெயரே நியாயமற்ற சாதகம் என்ற பொருள் தருவது. அமிலம் தின்ற கூரையின் நெளிவு தெரியாமலிருக்க மேலே வினைல் உறை போட்டார்கள் என்றும் சொல்வார்கள். வினைல் கூரை என்பது கடையில் வாங்குகிறவர் கொஞ்சம் ஆடம்பரத்துக்காகக் கேட்டுப் போட்டுக்கொள்வது. தடத்தில் அது தகட்டின் மெலிவுக்குப் போர்வை. இதை ஏமாற்று என்று ஒழுக்கம் பேச நான் வரவில்லை, ஆள் கெட்டிக்காரர். கடிகாரம் பொய் சொல்லவில்லைதான். எதை அளந்தது என்று அதைக் கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

இங்கேதான் எனக்கு வகுப்பில் படித்த இலக்கணம் கைகொடுக்கிறது. தச்சன் கோயில் கட்டினான் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. அரசன் கோயில் கட்டினான் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. அவன் உளியைத் தொட்டிருக்கவே மாட்டான், இருந்தும் வாக்கியம் வழு இல்லை. 'மஸ்டாங் வென்றது' என்கிற வாக்கியம் இந்த இரண்டும் அல்ல. உளி கோயில் கட்டியது என்கிற மாதிரி அது. கருவியை எழுவாயாக நிறுத்துவதும் இலக்கணத்தில் உள்ளதுதான். ஆனால் ஒரு சொல்லாடல் முழுக்க முழுக்க இந்த ஒரே வாய்பாட்டில் நடக்குமானால், அரசனும் தச்சனும் எங்கே போனார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது. டிரான்ஸ்-ஆமின் முதல் ஆண்டுகளில் ஓட்டுநருக்கென்று தனிப் பட்டமே கிடையாது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். பட்டம் தயாரிப்பு நிறுவனத்துக்கு. விதிப்புத்தகமே தச்சனை நீக்கிவிட்டது.

அவனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 1969-ல் கமாரோவில் இருந்த டோனஹியூவும் பென்ஸ்கியும் 1970-ல் அமெரிக்கன் மோட்டார்ஸுக்குப் போய் ஜாவலினில் ஏறினார்கள். ரசிகர் யாரும் பெரிதாக மதிக்காத வண்டி அது. 1971-ல் பட்டம் ஜாவலினுக்கு. உளி மாறிவிட்டது, கோயில் அதே தரம். நண்பரிடம் இதைச் சொன்னபோது உடனே மறுத்தார்: அதற்குள் ஃபோர்டும் செவ்ரோலேயும் பந்தயத்திலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டன, அந்த வெற்றி கணக்கில் சேராது என்றார். நியாயமான மறுப்பு. ஆனால் அந்த மறுப்பு என்ன சொல்கிறது? தடத்தில் இத்தனை நாளும் ஓடியது மஸ்டாங்கும் கமாரோவும் இல்லை, இரண்டு நிறுவனங்களின் பணம் என்று அவரே சொல்கிறார். தச்சனைத் தேடப் போன இடத்தில் அரசன் அகப்பட்டான்.

இன்னொரு தடத்தில் வாக்கியம் இன்னும் மோசமான வேலை செய்திருக்கிறது. 1969 செப்டம்பர் 14 அன்று அலபாமாவில் டாலடேகா தடத்தின் முதல் பெரிய பந்தயம். டாட்ஜ் நிறுவனம், கூரான மூக்கும் ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்து நிற்கிற பின்சிறகும் வைத்த சார்ஜர் டேடோனாவை முதல்முறையாக இறக்கியது. ஃபோர்டு தன் டொரினோவுக்கு இந்தத் தடத்தின் பெயரையே முன்கூட்டிச் சூட்டி வைத்திருந்தது. எந்த ஒப்பீட்டு நூலைப் புரட்டினாலும் இருக்கும்: டேடோனா தன் முதல் பந்தயத்திலேயே வென்றது. உண்மைதான். நடந்தது என்னவென்றால், பயிற்சியின்போது மணிக்கு 200 மைலை நெருங்குகிற வேகத்தில் டயர்கள் சில சுற்றுகளிலேயே கிழிந்தன. ஓட்டுநர்கள் அதற்குச் சற்று முன்புதான் ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள், தலைவர் ரிச்சர்ட் பெட்டி. பந்தயத்தைத் தள்ளிவையுங்கள் என்றார்கள். நடத்துபவர் பில் ஃபிரான்ஸ் மறுத்தார். முன்னணி ஓட்டுநர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

களம் காலியானால் பந்தயம் எப்படி நடக்கும்? முந்தின நாள் அதே தடத்தில் சிறிய வண்டிகளுக்கான பந்தயம் ஒன்று நடந்திருந்தது. அந்த வண்டிகளைப் பிடித்து நிறுத்தி ஞாயிற்றுக்கிழமைக் களத்தை நிரப்பினார்கள். அவை என்ன வண்டிகள்? கமாரோ, மஸ்டாங், ஜாவலின் போன்றவை. யார் பெரியவர் என்று நாம் காலமெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிற எதிரிகள் அன்றைக்கு ஒன்றாக நின்று ஒரு புறக்கணிப்பை முறிக்கப் பயன்பட்டார்கள். சங்கத்தைவிட்டு விலகி டேடோனாவில் ஏறிய ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் வென்றார். அந்த மேல்மட்டப் பந்தயங்களில் அவருடைய ஒரே வெற்றி அது. அவரைத் துரோகி என்று எழுத என் பேனா வரவில்லை. நல்ல வண்டி கிடைக்காத ஓட்டுநருக்கு ஒரு நாள் நல்ல வண்டி கிடைத்தது. ஆனால் 'டேடோனா வென்றது' என்று மூன்றாம் மனிதர் யாரும் இல்லாத வாக்கியமாக அதை எழுதிவைப்பதும், டயர் கிழிந்தால் செத்துப்போவோம் என்று சொன்ன முப்பதுக்கும் மேற்பட்ட பேரின் வாயை இரண்டாம் முறை அடைப்பதும் ஒன்றே. 1975-ல் ஆஸ்திரியாவில் பயிற்சியின்போது டயர் கெட்டு விபத்தாகித்தான் டோனஹியூவும் போய்ச்சேர்ந்தார்.

பார்த் 1957-லேயே சித்ரோயன் காரைப் பற்றி எழுதினார். கண்காட்சிக் கூடத்தில் ஜனங்கள் தகட்டைத் தடவிப் பார்ப்பதில் அவர் கட்டுரை நிற்கிறது. அபாரமான இடம்தான். தகடு அங்கே வந்துசேர்ந்த வழியில் அவர் திரும்பி நடக்கவில்லை. நடந்திருந்தால் வேகம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் தட்டுப்பட்டிருக்கும். 1968 மே மாதம் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமக்கில், டாட்ஜ் ஆலையின் அசெம்பிளி லைன் வேகத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் தொழிற்சங்கத்தின் அனுமதிகூட இல்லாமல் வெளியே வந்தார்கள். தண்டனை கறுப்புத் தொழிலாளர்கள் மேல் அதிகமாக விழுந்தது. டிரம் என்று சுருக்கமாக அறியப்பட்ட கறுப்புத் தொழிலாளர் இயக்கம் அதிலிருந்து பிறந்தது. 1970 டிரான்ஸ்-ஆமில் கமாரோவோடும் மஸ்டாங்கோடும் மோதிய டாட்ஜ் சாலஞ்சர், கடைகளுக்குப் போனதில் பெரும்பகுதி இந்த ஆலையில் பூட்டப்பட்டதுதான். தடத்தில் வேகம் கூடினால் கைதட்டல், லைனில் வேகம் கூடினால் விரல் போகும்.

1972-ல் ஒஹையோவின் நார்வுட் ஆலையில், கமாரோவும் ஃபயர்பேர்டும் உருவான இடத்தில், ஆட்குறைப்பையும் வேலைச்சுமையையும் எதிர்த்து 174 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. லைனில் பாதியில் நின்றுபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள், 1973-க்கான பம்பர் விதிக்குப் பொருந்தாமல் போனதால் உடைத்துத் தள்ளப்பட்டன. கமாரோவையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சு நிறுவனத்துக்குள் நடந்தது. எந்த மஸ்டாங்கும் அதை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனதில்லை. நண்பரிடம் கேட்டேன், உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் இந்த 174 நாளை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்று. அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. 1972 கமாரோ எண்ணிக்கையில் குறைவு, அதனால் சேகரிப்பவர்களிடம் அதற்கு மதிப்பு அதிகம் என்றார்.