எலிக்கு வாய்த்த காவல்

வெங்காயத்தில் குவெர்செட்டின், பம்ப்ளிமாஸில் நரிஞ்சின். இவை போன்ற ஃப்ளேவனாய்டுகள் இதயத் தசையைக் காக்கும் என்று சொல்லும் நம் நாட்டு ஆய்வுத்தாள்களில் பல ஒரே வார்ப்பில் வந்தவை. நோய்நொடியில்லாத எலிகளுக்கு வாரக்கணக்கில் மருந்தைப் புகட்டுவார்கள். கடைசி இரண்டு நாளும் கிலோவுக்கு 85 மில்லிகிராம் அளவில் ஐசோபுரோட்டரினால் ஊசி. இதயம் தறிகெட்டுத் துடித்து, ஆக்சிஜன் போதாமல் தசை சாகும். பிறகு, சேதமுற்ற இதயத் தசையிலிருந்து ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் புரதத்தை அளப்பார்கள். மருந்துண்ட எலிகளுக்கு அது குறைந்திருந்தால் பாதுகாப்பு உறுதி என்று தாள் முடியும்.

1959இல் ரோனா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வகுத்த இந்த முறையை நான் மதிக்கிறேன். நெஞ்சைத் திறக்க வேண்டாம், செலவு குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதை வைத்துத்தான் மைட்டோகாண்ட்ரியா வரை சென்று சேதத்தைத் துருவிப் பார்த்தார்கள்.

ஆனால் ஐசோபுரோட்டரினால் உடலுக்குள் தானே ஆக்சிஜனேற்றமடைந்து தீங்கான மூலக்கூறுகளைக் கக்கும் பொருள். அவற்றை அணைக்கும் எதைக் கொடுத்தாலும் எலி ஓரளவு தேறும். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்த தேர்வு இது. மனிதருக்கு வரும் மாரடைப்பு பெரும்பாலும் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, ரத்தம் உறைந்து அடைப்பதால் வருவது. இந்த எலிக்கு அடைப்பே கிடையாது. நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் வருபவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்து வைக்கவும் வழியில்லை. போதாக்குறைக்கு, நாம் விழுங்கும் குவெர்செட்டினைக் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுவதால் ரத்தத்தில் அது தன் வடிவில் ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை.

மனிதரிடம் கிடைத்த சான்றும் கலவையானது. 1993இல் வெளியான ஆய்வில், நெதர்லாந்தின் ஸுட்ஃபென் நகர முதியவர்களில் ஃப்ளேவனாய்டு அதிகம் உண்டவர்கள் இதயநோயால் இறந்தது குறைவு. அவர்கள் உண்ட ஃப்ளேவனாய்டில் பாதிக்கு மேல் தேநீரிலிருந்து வந்தது. 1997இல் வெளியான ஆய்வில், வேல்ஸின் கேர்ஃபில்லி ஆண்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. 2022இல் வெளியான அமெரிக்காவின் காஸ்மாஸ் சோதனையில் 21,442 பேர் பங்கேற்றார்கள். கோகோ ஃப்ளேவனால் தினம் 500 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 10 சதவீதம் குறைந்தன. அது தற்செயலாகவும் இருக்கலாம். இதய, ரத்தக்குழாய் நோயால் நேரும் இறப்பு மட்டும் 27 சதவீதம் குறைந்தது. அக்கறையோடு தொடர வேண்டிய தடயம் இது. மாத்திரையை நிறுத்திவிட்டு, இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் மருதம்பட்டைப் பொடிக்கு மாறலாம் என்பதற்கு இதில் இடமில்லை.

ஆய்வகங்களிடம் நான் கேட்பது கடினமான ஒன்றல்ல. சர்க்கரை நோயுள்ள, வயதான எலிகளை எடுங்கள். இதயத் தமனியைக் கட்டி அவிழ்த்து, அதன் பிறகு மருந்து கொடுங்கள். பலன் இல்லையென்றால் அதையும் அச்சிடுங்கள்.