பழைய பாட் கிளம்பும் அரை நிமிடம்

ஒரு டெப்ளாய்மென்ட்டின் தரம் தெரியும் இடம், பழைய பாட் கிளம்பிப் போகும் அந்த அரை நிமிடம்தான். புதியது எழுந்து நிற்க வேண்டிய வேலையில் பெரும்பகுதியைக் குபெர்னெட்டிஸ் தானே பார்த்துக்கொள்கிறது: இடம் தேடுகிறது, இமேஜை இறக்குகிறது, தயாரா என்று திரும்பத் திரும்ப விசாரிக்கிறது. போகிறவருக்கு அந்த உபசாரம் கிடையாது. 2015 ஜூலையில் 1.0 வெளிவந்து பத்தாண்டு கடந்த பிறகும் இந்த ஓரவஞ்சனை முழுதாகத் தீரவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்த வழியனுப்பும் கலையைச் சொந்த மண்ணில் ஆடிப் பார்க்க வாய்ப்பு வந்தது அண்மையில்தான். அமேசான் 2010இல் சிங்கப்பூரில் தன் கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது முதல், கோலாலம்பூரில் எழுதப்பட்ட செயலிகள் பலவும் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் குடித்தனம் நடத்தின. 2024 ஆகஸ்டில் மலேசிய வட்டாரம் திறந்தது. 2025இல் மைக்ரோசாஃப்டும் வந்து சேர்ந்தது. இதனால் வேகம் கூடியது என்று சிலாகிப்பவர்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே போய்வர ஆகும் நேரம் சில மில்லி விநாடிகள்தான். மோசமான ஒரு எஸ்கியூஎல் வினவல் அதைப்போல நூறு மடங்கை ஒரே மூச்சில் விழுங்கிவிடும். தரவு நாட்டெல்லைக்குள் இருக்கிறது என்பது வங்கிகளுக்கு நிம்மதி. ரசிகரின் கண் போகிற இடம் வேறு: அமேசானின் மலேசிய வட்டாரத்தில் மூன்று அவைலபிலிட்டி சோன்கள் இருக்கின்றன. சோனுக்கு ஒன்றாக மூன்று ரெப்ளிக்கா வைத்தால், யாரும் தொடாத இயல்பு அமைப்பே அழகாக நடந்துகொள்கிறது. மேக்ஸ்சர்ஜ் 25 சதவீதம். மூன்றில் அது முக்கால், மேல்நோக்கி முழுமையாக்கினால் ஒன்று. மேக்ஸ்அன்அவைலபிளும் 25 சதவீதம்தான், ஆனால் அது கீழ்நோக்கி முழுமையாவதால் சுழியம். ஒன்று கூடும், ஒன்றும் குறையாது. நான்கு ரெப்ளிக்கா வைத்தவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை; அவருக்கு ஒன்று குறைந்துதான் ஆட்டம் தொடங்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. சோன்களுக்கிடையே பாட்களைப் பரப்பச் சொல்லும் விதி, கணக்கெடுக்கும்போது கிளம்பப்போகும் பழையவற்றையும் சேர்த்தே எண்ணும். அவை போன பிறகு பார்த்தால் புதிய மூன்றும் இரண்டே சோன்களில் உட்கார்ந்திருக்கக்கூடும். மேட்ச்லேபிள்கீஸ் என்ற புலத்தில் பாட் டெம்ப்ளேட் ஹேஷைக் குறிப்பிட்டால் ஒவ்வொரு பதிப்பும் தன் கூட்டத்தை மட்டும் எண்ணிக்கொள்ளும். ஒரே வரிதான். அந்த வரி உள்ள மேனிஃபெஸ்டைக் கண்டால் எழுதியவர் நான்கு பேர் பார்க்கும் இடத்தில் வேலை செய்து பழகியவர் என்று ஊகிக்கலாம்.

ரெடினஸ் புரோப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து விநாடிக்கு ஒரு முறை, பதிலுக்கு ஒரு விநாடி அவகாசம், மூன்று தவறினால் வரிசையிலிருந்து விலக்கு. இந்த இயல்பெண்கள் போதும். ஒரு விநாடி மட்டும் பெரிய ஜாவா செயலிகளுக்குச் சற்றுக் கறார்.

இனி அந்த அரை நிமிடம். பழைய பாட் ஒன்றை நீக்கும்படி ஏபிஐ சர்வருக்கு ஆணை வந்ததும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. ஒருபுறம் அந்த நோடில் உள்ள கியூப்லெட், பிரீஸ்டாப் இருந்தால் அதை ஓட்டிவிட்டு, சிக்டெர்ம் அனுப்புகிறது. மறுபுறம் எண்ட்பாயின்ட் பட்டியலில் அந்த முகவரி விலக்கப்பட்டு, அந்தச் செய்தி ஒவ்வொரு நோடிலும் உள்ள கியூப்பிராக்சிக்குப் போய்ச் சேர்ந்து, ஐபிடேபிள்ஸ் விதிகள் மாறுகின்றன. இவற்றில் எது முந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. செயலி ஒழுக்கமாகச் சிக்டெர்ம் கேட்டவுடன் கதவைச் சாத்திவிட்டால், செய்தி எட்டாத நோடுகளிலிருந்து வரும் கோரிக்கைகள் சாத்திய கதவில் மோதி 502 ஆகத் திரும்பும். வேகமாகக் கீழ்ப்படிகிற செயலியே அதிகம் தண்டிக்கப்படுகிறது!

மருந்து கேலிக்குரிய அளவுக்கு எளிமையானது: பிரீஸ்டாப்பில் ஐந்து முதல் பதினைந்து விநாடி தூக்கம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மதியச் சாப்பாடு முடியும் நேரம், வாசலில் பலகை திரும்பிய பிறகும் அது தெரியாமல் நுழைந்துவிட்டவருக்கு இலை போட்டு ரசம்வரை பரிமாறியே அனுப்புவார்கள். இந்தத் தூக்கமும் அப்படித்தான். நெடுங்காலம் இதைக் கண்டெய்னருக்குள் இருக்கும் ஸ்லீப் கட்டளையால்தான் செய்ய முடிந்தது. டிஸ்ட்ரோலெஸ் இமேஜில் அந்தக் கட்டளையே கிடையாது. மெலிந்த இமேஜை விரும்பியவர்கள் தூங்குவதற்காகவே ஒரு பைனரியைச் சுமந்தார்கள். 1.29 பதிப்பில் தூக்கம் குபெர்னெட்டிஸின் சொந்தச் செயலாக அறிமுகமாகி, 1.30 முதல் தானாகவே கிடைத்தது. ஒன்றுமே செய்யாமல் காத்திருப்பதற்கு இத்தனை பதிப்புகள் ஆயின.

கிளம்பும் பாட்டுக்கு இயல்பாகக் கிடைப்பது முப்பது விநாடிக் கெடு; தூக்கமும் அதற்குள்தான் கழிகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பதினைந்தைத் தூங்கிக் கழித்தால் கையிலுள்ள கோரிக்கைகளை முடிக்க மீதம் பதினைந்து. தாண்டினால் சிக்கில், வெளியேற்றக் குறியீடு 137. அந்த எண்ணைக் கண்டதும் நினைவகப் பற்றாக்குறை என்று முடிவு கட்டி, கேட்டதற்கெல்லாம் கூடுதல் ராம் ஒதுக்கும் அவசர வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால் சிக்டெர்ம் செயலியின் காதில் விழ வேண்டும். டாக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதாமல் வெறும் வரியாக எழுதினால் ஷெல்தான் முதல் புராசஸ் ஆகிறது. அது கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே கொடுக்காது. அப்போது ஒவ்வொரு பாட்டும் முழு முப்பது விநாடியும் தொங்கிச் செத்துப்போகும், ரோல்அவுட் ஆமையாய் நகரும். காது இருந்தாலும் மொழி மாறலாம். என்ஜின்எக்ஸுக்குச் சிக்டெர்ம் என்றால் உடனே நிறுத்து. நிதானமாக முடித்துக்கொள் என்பதற்குச் சிக்குவிட். அதன் அதிகாரப்பூர்வ இமேஜ் சிக்குவிட்டையே நிறுத்தக் குறியாக அறிவிக்கிறது. அடிப்படை இமேஜை மாற்றித் தாமே கட்டுபவர்கள் அந்த ஒரு வரியைத் தவறவிடுவார்கள். கோ மொழிக்காரர்களுக்கு 2017இல் 1.8 பதிப்போடு ஷட்டவுன் என்ற மரியாதையான விடைபெறல் கிடைத்தது. ஸ்பிரிங் பூட்டுக்கு 2020இல் 2.3 பதிப்பில்.

அமேசான் லோட் பேலன்சரை நேரடியாகப் பாட் முகவரிகளோடு இணைப்பவர்களுக்கு இன்னொரு கடிகாரமும் உண்டு. அதன் டிரிஜிஸ்ட்ரேஷன் அவகாசம் இயல்பாக 300 விநாடி, பாட்டுக்கோ முப்பது. ஐந்து நிமிடம் காத்திருக்க லோட் பேலன்சர் தயார், காக்க வேண்டியவர் அரை நிமிடத்தில் போய்விடுகிறார். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தி எழுதிய யாம்லைக் காண்பது அரிது.

புளூ-கிரீன் ரசிகர்கள் இத்தனை வம்பு எதற்கு, முழுக் கூட்டத்தையும் ஒரே நொடியில் மாற்றிவிடலாமே என்பார்கள். மாற்றலாம். இரட்டிப்புக் கூலி கொடுத்த பிறகும், நீலத்தை அணைக்கும்போது அதே அரை நிமிடம் வந்து நிற்கும். சர்வீஸ் மெஷ் அன்பர்களுக்கு இது கூடுதல் தலைவலியாகவே நெடுநாள் இருந்தது. சைடுகார் பிராக்சி செயலிக்கு முன்பே மூட்டை கட்டிவிட, செயலி வெளியுலகத் தொடர்பின்றித் தவிக்கும். சைடுகார்களை முறைப்படி கடைசியில் அனுப்பும் வசதி 1.33இல்தான் நிலையானது. கேனரி மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது வேறு கேள்விக்கு விடை. தீபாவளிக்கு முன், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் கூட்டம் நெரியும் வாரங்களில் எதையும் டெப்ளாய் செய்யாதே என்று பூட்டுப் போடும் பழக்கம் மட்டும் ரசனைக்கு ஒவ்வாதது. விற்பனை உச்சத்தில் தொட அஞ்சுகிறவருக்குத் தம் பாட்கள் எப்படிக் கிளம்பும் என்பது தெரியாது என்றே பொருள்.

நள்ளிரவு முதல் காலை ஆறுவரை பராமரிப்புக்காகச் சேவை நிறுத்தம் என்ற அறிவிப்பும் இந்த அச்சத்தின் பிள்ளைதான். பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முக்கிய அமைப்புகளின் திட்டமிடாத முடக்கம் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நிகழ்வில் 120 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. திட்டமிட்ட முடக்கத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லாததால் நள்ளிரவு அறிவிப்புகள் சௌகரியமாக வாழ்கின்றன.

சைபர்ஜெயா தரவு மையங்களில் சர்வர்களைக் கையால் பராமரித்த தலைமுறைக்கு வசதிகள் குறைவு, பொறுமை அதிகம். எச்ஏபிராக்சியில் ஒரு சர்வரை டிரெயின் நிலைக்கு மாற்றுவார்கள், இணைப்பு எண்ணிக்கை இறங்கி இறங்கிச் சுழியம் ஆகும்வரை திரையைப் பார்த்தபடி இருப்பார்கள், பிறகுதான் நிறுத்துவார்கள். ரோலிங் அப்டேட் அந்தக் காவலைத் தானியங்கி ஆக்கியபோது, காத்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே போய்விட்டது. இன்று நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட ஹெல்ம் சார்ட்டுகள் படிக்கப்படாமலே நகலாகின்றன. லைவ்னஸுக்கும் ரெடினஸுக்கும் ஒரே பாதை, அந்தப் பாதையில் தரவுத்தளச் சோதனை. தரவுத்தளம் ஒரு நிமிடம் மந்தமானால் நலமாக இருக்கும் பாட்கள் எல்லாம் சேர்ந்து மறுதொடக்கம் ஆகும்.

திரும்பிப் போவது பற்றி ஒன்று. ரோல்அவுட் அன்டூ பத்துப் பழைய பதிப்புகள்வரை நினைவில் வைத்திருக்கும், ஆனால் தரவுத்தள அட்டவணைகளை அது தொடாது. ரோலிங் அப்டேட்டின்போது பழையதும் புதியதும் ஒரே அட்டவணையைத்தான் படிக்கின்றன. ஆகவே ஒரு நெடுவரிசையின் பெயரை ஒரே வெளியீட்டில் மாற்றக் கூடாது: முதல் வெளியீட்டில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுத வேண்டும், பழைய தரவைப் பெயர்த்த பின் அடுத்ததில் புதியதிலிருந்து படிக்க வேண்டும், பழைய பாட் ஒன்றுகூட மிஞ்சாத நிலையில், இன்னொரு வெளியீட்டில்தான் பழைய நெடுவரிசையை நீக்க வேண்டும்.