‘வெறும் வண்டி 18, டிரெய்லர் கட்டினால் 11’: ஒரு மைலேஜ் கணக்கின் பலமும் பலவீனமும்

அமெரிக்காவில் கனரக டீசல் பிக்கப் வைத்திருப்பவரிடம் மைலேஜ் கேட்டால், ஒரே மூச்சில் இரண்டு எண்களைச் சொல்வார். “வெறும் வண்டி 18, டிரெய்லர் கட்டினால் 11.” கேலனுக்கு இத்தனை மைல் என்பது அவர்கள் கணக்கு. நம் வழக்கப்படி லிட்டருக்கு 7.6 கிலோமீட்டர், 4.7 கிலோமீட்டர். ஃபோர்டு எஃப்-250 பவர் ஸ்ட்ரோக், ராம் 2500 கம்மின்ஸ், செவ்ரோலெட் சில்வராடோ 2500 டியூராமேக்ஸ் என எந்த வண்டியானாலும் பதில் ஒன்றிரண்டு முன்பின்னாக இப்படித்தான் இருக்கும். வண்டி வாங்குகிறவர்கள் இந்த இரட்டை எண்ணை நம்பித்தான் பல்லாயிரம் டாலர் போடுகிறார்கள். அதனால் இந்தக் கணக்கு எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில், சொந்தமாகக் கணக்குப் போடவேண்டிய நிலை ஏன் வந்தது? அமெரிக்கச் சட்டப்படி கார், சிறு பிக்கப் எல்லாவற்றின் கண்ணாடியிலும் மைலேஜ் லேபிள் ஒட்டவேண்டும். ஆனால், சுமையோடு சேர்த்த அனுமதி எடை 8,500 பவுண்டை, அதாவது சுமார் 3,850 கிலோவைத் தாண்டும் பிக்கப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2020 சில்வராடோ 1500-இல் 3 லிட்டர் டீசல் இன்ஜின் வாங்கியவருக்கு, நெடுஞ்சாலையில் கேலனுக்கு 33 மைல் என்று லேபிளே சொன்னது. அதே ஷோரூமில் பக்கத்தில் நின்ற 2500 மாடலின் கண்ணாடியில் மைலேஜ் என்ற இடமே கிடையாது. அதிகம் குடிக்கும் வண்டிக்குத்தான் தகவல் குறைவு.

சோதனையே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2011-இல் வந்த விதி, 2014 மாடல் முதல் இந்தக் கனரகப் பிக்கப்புகளுக்கும் எரிபொருள் வரம்பு வைத்தது. அதற்காகத் தயாரிப்பாளர்கள் இவற்றை ஆய்வகத்தில் ஓட்டி அளந்தார்கள். அதுவும் பாதிச் சுமை ஏற்றியதற்கு ஈடான எடையில். அளந்த எண் அரசுக்குப் போனது. வாங்குகிறவர் கண்ணுக்கு வரவில்லை. இது எனக்கு ஏற்கமுடியாததாகவே படுகிறது.

அந்த வெற்றிடத்தைத்தான் உரிமையாளர்களின் டேங்க் கணக்கு நிரப்புகிறது. டேங்க்கை நிரப்பு, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள், ஓட்டு, மறுபடி நிரப்பு, ஓடிய தூரத்தை ஊற்றிய டீசலால் வகு. இதைவிட எளிமையான அளவை இல்லை. டாஷ்போர்டில் தெரியும் எண்ணைவிட இதையே அனுபவசாலிகள் நம்புகிறார்கள். டாஷ்போர்டு எண், இன்ஜெக்டருக்குப் போன கட்டளையை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. டேங்க் கணக்கு, காசு கொடுத்து வாங்கிய டீசல். அதோடு, நிஜச் சாலை, நிஜ வெயில், நிஜ டிரெய்லர் எல்லாம் இதில் அடக்கம். லேபிள் ஒட்டும் சிறு பிக்கப்புகளின் ஆய்வகச் சோதனையில்கூட டிரெய்லர் என்ற ஒன்று கிடையாது. ஆகவே இழுவை மைலேஜுக்கு இதுதான் முக்கியச் சாட்சி. அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கமுடியாது.

பங்க்கில் நடப்பதைக் கவனியுங்கள். டீசல் நுரைக்கும். லாரிகளுக்கான வேகமான குழாயில் அடித்தால் இன்னும் அதிகம். நுரை மேலே வந்து நாசிலைத் தொட்டதும் ‘டக்’கென்று நின்றுவிடும். ஒரு நிமிடம் காத்திருந்து, நுரை அடங்கியபின் மெல்ல விட்டால் இன்னும் சில லிட்டர் இறங்கும். ஒருவர் முதல் ‘டக்’கில் நிறுத்துவார், இன்னொருவர் கழுத்துவரை விடுவார், அதே ஆள் ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் செய்வார். 500 கிலோமீட்டர் ஓட்டி 66 லிட்டர் ஊற்றினால் 7.6 வரும். ஐந்து லிட்டர் கூடினால் அதுவே 7.0, குறைந்தால் 8.2. ஒரே ஒரு டேங்க்கை வைத்துப் பெருமையோ புலம்பலோ செய்வது இதனால்தான் வீண். பத்து டேங்க் சேர்த்துக் கூட்டினால் இந்தப் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். முறை நல்லது, பொறுமைதான் குறைவு.

டயரும் கணக்கைக் கெடுக்கும். 33 அங்குல டயரைக் கழற்றி 35 போட்டவரின் ஓடோமீட்டர், மாற்றி அமைக்காதவரை, நிஜமாக ஓடிய தூரத்தில் ஆறு சதவீதத்தைக் குறைத்தே காட்டும். அவர் சொல்லும் மைலேஜும் அதே அளவு குறைவாக வரும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். பெரிய குறை, கணக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதில் இருக்கிறது. ‘வெறும் வண்டி’, ‘டிரெய்லர்’ என்று பிரிக்கும்போதே எடைதான் டீசலைக் குடிக்கிறது என்ற நினைப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. அடுத்த கேள்வி எப்போதும் “எத்தனை பவுண்டு இழுத்தீர்கள்?” என்பதே. சமதள நெடுஞ்சாலையில் அது இரண்டாம்பட்சக் கேள்வி.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். சமதளத்தில் ஒரு டன் எடை கூடினால், டயர் உருள்வதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் விசை 100 நியூட்டனுக்குள் அடங்கிவிடும். பிக்கப்பின் மறைவுக்கு வெளியே மூன்று சதுர மீட்டர் தட்டையான முகம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லர் என்றால், மணிக்கு 105 கிலோமீட்டரில் அந்த முகத்தைத் தள்ளவே சுமார் 1,500 நியூட்டன் வேண்டும். குறைந்தது பதினைந்து டன் எடைக்குச் சமமான சுமை அது, தராசில் தெரியாத சுமை. தாழ்வான திறந்த டிரெய்லரில் இரும்புத் தகடு ஏற்றிப் போகிறவரைவிட, எடை குறைந்த உயரமான டிராவல் டிரெய்லரை இழுப்பவர் அதிக டீசல் செலவழிப்பது இதனால்தான்.

வேகம் வந்தால் இன்னும் மோசம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 65 மைலில் போனவர் 75-க்கு மிதித்தால், தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. கலிஃபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல். மேற்கின் வேறு பல மாநிலங்களில் 75-இலும் போகலாம். ஒரே வண்டி, ஒரே டிரெய்லர் வைத்திருக்கும் இரண்டு பேர் சொல்லும் எண்கள் வேறுபட்டால், இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். வேகத்தைச் சொல்லாத இழுவை மைலேஜ் பாதித் தகவல்தான்.

எடைக்கு உரிய இடம் மலை ஏற்றம். அங்கே அது முழு விலை கேட்கும். டிரெய்லர் இழுவைத் திறனை நிர்ணயிக்கும் எஸ்.ஏ.இ. ஜே2807 தரச்சோதனை, அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலை ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 18 கிலோமீட்டரில் 900 மீட்டருக்கு மேல் ஏறும் சாலை. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்பது டன் என்றால், அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும், இன்ஜின் 40 சதவீதத் திறனில் ஓடினாலும், ஐந்தரை லிட்டர் டீசல் போய்விடும். காற்றுக்கும் டயருக்கும் ஆவது தனி. ஏறியதில் ஒரு பங்கு இறக்கத்தில் திரும்பக் கிடைக்கும். அதனால் ஒருவழிப் பயணத்தின் மைலேஜைச் சொல்வது சரியல்ல. டென்வரிலிருந்து கன்சாஸ் சிட்டி போகிறவர் வழியில் சுமார் 1,300 மீட்டர் கீழே இறங்குகிறார்; சமவெளிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதுவும் சேர்ந்துகொள்ளும். போக வர இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது இன்னொரு பழக்கம். 7.6, 4.7, சராசரி 6.15 என்பார்கள். வெறுமனே ஆயிரம் கிலோமீட்டர், இழுத்து ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் மொத்தம் 344 லிட்டர் ஆகும். அதாவது லிட்டருக்கு 5.8. மைலேஜ் எண்ணைக் கூட்டக்கூடாது, டீசலைத்தான் கூட்டவேண்டும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசும் நமக்கும் இதே குழப்பம் உண்டு. 8-இலிருந்து 10-க்கு உயர்ந்தால் பெரிய முன்னேற்றமாகத் தெரிகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் 25 லிட்டர். 4-இலிருந்து 5-க்கு உயர்ந்தால் மிச்சம் 50 லிட்டர். இழுவையில் கிடைக்கும் சின்ன முன்னேற்றத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பதை மைலேஜ் எண் மறைத்துவிடுகிறது. கனரகப் பிக்கப்புகளுக்கான அரசு வரம்பே நூறு மைலுக்கு இத்தனை கேலன் என்றுதான் எழுதப்பட்டது. உரிமையாளர்களும் அதற்கு மாறலாம்.

இன்னொன்றை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 2007-க்குப் பிறகு இந்த வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி வந்தது. அதில் சேரும் கரியை எரிக்க அவ்வப்போது கூடுதல் டீசல் செலவாகும். ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டுபவருக்கு இந்தச் செலவு நன்றாகவே தெரியும். அதனால் வடிகட்டியையும், புகையின் மாசைக் குறைக்கும் யூரியாக் கரைசல் அமைப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, மைலேஜ் ஏறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. சட்டப்படி அது குற்றம். 2009 முதல் 2019 வரை 5,50,000-க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்போடு விற்கப்பட்ட அத்தகைய வண்டிகளில் இது சுமார் 15 சதவீதம். நம் காதில் விழும் நல்ல எண்களில் சில, அடுத்தவர் நுரையீரல் செலவில் வந்தவை. தயாரிப்பாளர்கள் தரப்பும் சுத்தமில்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்கப் இன்ஜின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டது.

கடைசியில் எல்லாம் பணத்தில் வந்து நிற்கிறது. கனரகப் பிக்கப்பில் டீசல் இன்ஜினுக்குச் சுமார் 10,000 டாலர் கூடுதல். டீசலுக்கு மத்திய வரியும் அதிகம்: கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4. லிட்டர் பெட்ரோல் 85 சென்ட், டீசல் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர். வெறும் வண்டியாக ஓட்டினால் பெட்ரோலுக்கு 5.5, டீசலுக்கு 7.6; ஆண்டு மிச்சம் சுமார் 550 டாலர். போட்ட பணம் திரும்ப 18 ஆண்டு. முழுக்க டிரெய்லரோடு ஓட்டினால் பெட்ரோலுக்கு 3.4, டீசலுக்கு 4.7, மிச்சம் 900 டாலரை நெருங்கும். அப்போதும் 11 ஆண்டு. அந்த அளவுக்கு இழுப்பவர் சிலரே. யூரியாக் கரைசல், அதிக அளவு ஆயில், டீசல் ஃபில்டர் இந்தச் செலவில் சேரவில்லை. பழைய வண்டியாக விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பது உண்மை. அது இந்த ஆண்டுகளைக் குறைக்கும்.

டீசல் பிக்கப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது டன்னை மலையில் இழுக்கும்போது குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் முறுக்குவிசை, காற்று மெலிந்த உயரத்திலும் டர்போவால் குறையாத பலம், இறக்கத்தில் பிரேக்கைக் காப்பாற்றும் எக்ஸாஸ்ட் பிரேக் ஆகியவையே அதை வாங்கத் தக்க காரணங்கள். பெரிய டிரெய்லரை அடிக்கடி இழுப்பவருக்கு இவை பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. மைலேஜ் மட்டும் காரணம் என்றால், பெரும்பாலானோருக்குக் கணக்கு உதைக்கிறது.

டேங்க் கணக்குப் போடுகிற ஒவ்வொருவரும் எண்ணோடு வேகத்தையும் டிரெய்லரின் உயரத்தையும் எத்தனை டேங்க்கின் கூட்டுத்தொகை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அமெரிக்க அரசு செய்யவேண்டியது இன்னும் எளிது. கனரகப் பிக்கப்பின் ஆய்வக அளவைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். இழுவைத் திறனை அறிவிக்க எப்படியும் சோதனை நடக்கிறது. அதே டிரெய்லரோடு ஒரு நிலையான வேகத்தில் ஓட்டி, நூறு மைலுக்கு எத்தனை கேலன் போனது என்று பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடவேண்டும்.