மாத்திரையும் தயிர்ச்சோறும்

நாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடவே தயிர்ச்சோறும் கொடுக்க வேண்டும் என்பது கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் வட்டாரக் கரிசல் ஊர்களில் நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் அறிவுரை. வசதியுள்ளவர்கள் 'புரோபயாடிக்' பொடியை வாங்கிக் கலக்கிறார்கள். மருந்து குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது. தயிரோ பொடியோ அந்த இழப்பை ஈடுசெய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாயின் மலத்தில் கிராம் ஒன்றுக்கு நூறு கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை பாக்டீரியாக்கள் இருப்பது வழக்கம். பெருங்குடலில் 100 கிராம் இருப்பதாகக் கொண்டால், மொத்தத் தொகை பத்தாயிரம் கோடிக்கும் பத்து இலட்சம் கோடிக்கும் இடையே அமையும். ஒரு பொட்டலத்தில் பத்துக் கோடி இருப்பதாகக் கொள்வோம். அது மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில சமயம் இலட்சத்தில் ஒரு பங்கு. மருந்தினால் குடல்வாசிகள் குறைந்திருக்கும்போது இந்த விகிதம் சற்று உயரும், உண்மை. ஆனால் இழந்தவையும் வந்தவையும் ஒரே இனம் அல்லவே! நாயின் பெருங்குடலில் பித்த அமிலங்களை உருமாற்றும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்பவை. நம் வீட்டுத் தயிர்ச்சட்டியில் அவை கிடையா. ஆகவே 'ஈடுசெய்கிறது' என்ற சொல்லே பொருந்தாது. வந்தவை சில நாள் தங்கிச் செல்லும் விருந்தாளிகள். தங்கும் நாட்களில் ஏதேனும் உதவி செய்யலாம், அவ்வளவே.

உதவி செய்கின்றனவா? மனிதரிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 63 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு புரோபயாடிக்கால் குறைவதாகக் கண்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனில் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் பயன் ஏதும் தெரியவில்லை. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தார் 21 பேரிடம் செய்த சோதனை இன்னும் விசித்திரமானது. ஆன்டிபயாடிக்குப் பின் புரோபயாடிக் உண்டவர்களின் குடல், தானாகவே மீள விடப்பட்டவர்களின் குடலைவிடத் தாமதமாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. நாய்களிடமும் ஆய்வுகள் உண்டு. ஆனால் ஓர் ஆய்வுக்குச் சில பத்து நாய்கள்தாம். அதை வைத்துக்கொண்டு பொட்டலத்தின் மேல் உறுதிமொழி அச்சிடுவது மிகை.

"சரி, பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே?" என்று கேட்பார்கள். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

நம் பகுதி நாய்களுக்கு, அது கன்னியானாலும் சிப்பிப்பாறையானாலும் தெருநாயானாலும், பெரும் பகை உண்ணி. சுவர் வெடிப்பிலும் வறண்ட வெயிலிலும் பிழைத்திருக்கக் கூடியது அது. அது பரப்பும் எர்லிக்கியா நோய் இந்தியாவில் 1944-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. நாய் தீனி எடுக்காது, ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வடியும். இதற்கு மருத்துவர் எழுதித் தருவது டாக்சிசைக்ளின், பொதுவாக 28 நாட்களுக்கு. இது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து மருந்துகள் கால்சியத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அவ்வாறு பிணைந்த மருந்து குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழையாமல் மலத்தோடு போய்விடும். மனிதரிடம் அளந்தபோது, பாலுடன் உண்ட டெட்ராசைக்ளினில் பாதிக்கு மேலும், டாக்சிசைக்ளினில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் வீணாயின. தயிரில் கால்சியம் நிறைய உண்டு. குடலைக் காக்கவென்று தயிரில் வைத்துக் கொடுத்த மாத்திரை, நோயைத் தாக்கும் வலுவில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. மருந்துக்கும் புரோபயாடிக்குக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள் என்று சொல்வதுண்டு. மருந்து பொடியிலுள்ள பாக்டீரியாவைக் கொல்லாதிருக்கவாம். இரத்தத்தில் அமாக்சிசிலினின் அரை ஆயுள் நாய்க்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி. இரண்டு மணி கழித்து மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சும். டாக்சிசைக்ளினுக்குப் பத்து மணி என்று வைத்துக்கொண்டால், அதே இரண்டு மணியில் 87 விழுக்காடு அப்படியே இருக்கும்! இவையெல்லாம் இரத்தத்துக்கான கணக்கு. குடலில் எவ்வளவு செயலோடு இருக்கிறது என்பது வேறு கணக்கு. எப்படிப் பார்த்தாலும், எல்லா மருந்துக்கும் ஒரே இரண்டு மணி என்பதற்கு ஆதாரம் போதாது. பொடியில் இருப்பது சாக்கரோமைசிஸ் போன்ற ஈஸ்ட் என்றால் இடைவெளியே வேண்டாம். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்டைத் தொடாது. ஆனால் கால்சியத்துக்காக அந்த இரண்டு மணியை விடுவது நல்லது. தவறான காரணத்துக்குச் சொன்ன விதி, சொல்லாத காரணத்துக்குப் பொருந்துகிறது.

பொட்டலத்தைப் பற்றி இன்னொன்று. உள்ளே இருப்பது உயிர். உலர்ந்த நிலையிலும் வெப்பம் ஏற ஏற அது விரைந்து மடியும். எண்ணிக்கை தயாரித்த நாளுக்குரியதா, காலாவதி நாளுக்குரியதா, எந்த வெப்பநிலையில் வைத்தால் அது நிற்கும் என்று அச்சிடாத பொட்டலத்துக்கு, தகரக் கூரைக் கடையில் சித்திரை, வைகாசியைக் கழித்த பிறகு என்ன மதிப்பு?

டாக்சிசைக்ளின் எடுக்கும் நாய்க்கு மாத்திரை வேளையில் பால், தயிர் மட்டுமின்றிக் கேழ்வரகுக் கூழும் வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. கம்பங்கூழில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஈறு வெளுத்திருக்கிறதே என்று இரும்புச் சத்து டானிக்கையும் கூடவே ஊற்றுபவர்கள் உண்டு. இரும்பும் இம்மருந்தைப் பற்றும், கால்சியத்தைவிட வலுவாக. டானிக்கை எந்த வேளைக்கு மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.