குடிகாரன் பேச்சு

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு.’ ஒருவனுடைய சொல்லுக்கு மதிப்பில்லை என்று தீர்ப்பெழுதிவிட்டால், அப்புறம் அவன் உடலை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்த மருந்து என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் நோட்டீஸ். குழம்பில் கலந்து கொடுத்துவிடலாமாம். டைசல்ஃபிரம் மாத்திரையை அப்படிக் கொடுத்து, விஷயம் தெரியாமல் அவன் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ‘மறுவாழ்வு’ என்ற பெயரில் கட்டிப்போட்டு அடிப்பதும் இதே தர்க்கம்தான்.

இந்த ஒழுக்கச் சொல்லாடலுக்கு எதிராக வந்த சொல் ‘நோய்’. 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடி அடிமைத்தனத்தை நோய் என்று ஏற்றது. 1997இல் ஆலன் லெஷ்னர் அதை மூளை நோய் என்றார். நம் தோழர்களுக்கு இதில் சந்தேகம் உண்டு, நியாயமான சந்தேகம். பாவம் என்றாலும் பழி அவன்மேல், நோய் என்றாலும் கோளாறு அவன் மண்டைக்குள். 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி, 2023-24இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் பார்த்த அரசு இந்தப் படத்தில் எங்கே? வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிய பிறகு மறுபடி அடிமையாகவில்லை என்று லீ ராபின்ஸ் 1970களிலேயே காட்டினார். மூளை அதேதான். மாறியது வாழ்நிலை.

அதற்காக நோய் என்கிற சொல்லையே தூக்கியெறிந்துவிட முடியாது. 2000இல் மெக்லெல்லனும் சகாக்களும் எழுதிய கட்டுரை சேர்த்த அடைமொழி முக்கியமானது: ‘நாள்பட்ட’. போதைச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதம் பேர் ஓராண்டுக்குள் மறுபடி பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களிலும் 50 முதல் 70 சதம் பேருக்கு ஆண்டுதோறும் நோய் திரும்ப வருகிறது. பிரஷர் ஏறினவனை யாரும் ‘திருந்தாத ஜென்மம்’ என்று திட்டுவதில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறார்கள். மறுபடி குடித்தவனைத்தான் வார்டை விட்டுத் துரத்துகிறோம்.

மதுவிலக்குக் கோஷத்தின் ஓட்டையும் இங்கேதான். 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது செங்கல்பட்டுப் பக்கம் பெயிண்ட் வார்னிஷ் குடித்துச் செத்தார்கள். நெடுநாள் குடித்த உடலில் குடியைச் சட்டென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். கடையை மூடு என்று கத்துகிற நாம், மறுநாள் காலையில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவனுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதில்லை.

2017 மனநலச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்தது. சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும் என்றது. நோயாளி என்பது இங்கே உரிமை கேட்கிற நிலை. 2021 முதல் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் அரசிடம் அதே தொடர்ச்சியைக் குடிநோய்க்கும் கேட்போம்: பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், வருஷக்கணக்கில், எத்தனை முறை தவறி விழுந்தாலும். விற்று வாங்கிய காசில் அந்தச் செலவைச் செய்யட்டும். என்ன மருந்து, எப்படி நிறுத்துவது என்பதை முதலில் அவனிடமே கேட்கட்டும். அவன் பேச்சு விடிந்த பிறகும் பேச்சுதான்.