கம்மந்தானும் கலகக்காரனும்

எஸ். ஸி. ஹில் என்னும் ஆங்கிலேய வரலாற்றாசிரியரை மதுரை மாநகரோடு பிணைத்தது ஒரே நூல். 1914-இல் இலண்டனில் வெளிவந்த அதன் பெயர் 'யூசுப் கான்: தி ரெபெல் கமாண்டண்ட்'. வங்காளத்து 1756-57 நிகழ்ச்சிகள் பற்றிய ஆவணங்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தவர் அவர். கும்பெனியின் கடிதக் கட்டுகளைப் பொறுமையுடன் துருவிப் படிப்பதில் அவருக்கு நிகர் சொல்வது அரிது. கான்சாகிபின் இறுதி ஆண்டுகளை நாள்வாரியாக நாம் அறிவதற்கு அவருக்குப் பெரிதும் கடன்பட்டுள்ளோம்.

ஆயினும் தலைப்பிலேயே தீர்ப்பை எழுதிவிட்டாரே! பனையூரில் வேளாளராய்ப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, 1758-59 சென்னை முற்றுகையில் ஆங்கிலேயருக்குத் தோள்கொடுத்தவர் கான்சாகிபு. மதுரையைக் கட்டியாண்ட அவர், உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பெற்று, 1764 அக்டோபர் 15-இல் அந்நகர்ப் புறத்தே தூக்கிலிடப்பட்டார். 'ரெபெல்' என்றால் கலகக்காரன். யாருக்கு எதிராகக் கலகம்? ஆற்காட்டு நவாபு முகம்மது அலி அவரைத் தம் ஊழியர் என்றார். கும்பெனியோ தன் படைத்தலைவர் என்றது. உரிமையாளர் யாரென்பதே வழக்காயிருக்கையில், கலகம் என்னும் குற்றம் நிலைபெறுவதெப்படி?

மதுரை மக்கள் இச்சிக்கலுக்கு இடமே வைக்கவில்லை. 'கமாண்டண்ட்' என்பதைக் 'கம்மந்தான்' ஆக்கிக்கொண்டனர். கலகக்காரன் என்ற அடைமொழியை அண்டவிடவில்லை. கான்சா மேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது. உடல் கூறுபோடப்பட்டுக் கால் ஒன்று பெரியகுளத்தில் அடங்கியதென்பது செவிவழி மரபு. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அட்டுவம்பட்டிக்குத் தெற்கே, கொடைக்கானல் மலையின் அடிவாரத்து ஊர் அது. அம்மலையில் வரலாறு பயில்வோர் இறங்கிவந்து இம்மரபை முறையாகத் தொகுத்தால் நன்று.

நம்மவர் செய்யும் பிழையும் ஒன்றுண்டு. கான்சாகிபைச் சமயப் போராளியாக்கிப் பேசுவோர், எதிர்நின்ற நவாபும் முஸ்லிமே என்பதை மறக்கின்றனர். மீனாட்சியம்மன் கோயில் மானியங்களைக் காத்தவர் அவர் என்பதையும் மறக்கின்றனர். ஹில்லின் சட்டகத்தைத் தலைகீழாய்த் திருப்பிவைத்தால் அது வரலாறாகிவிடாது.

1972-இல் நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கான்சாகிபு சண்டை' கதைப்பாடலை ஹில்லின் நூலுக்கருகே வைத்துப் படித்தல் வேண்டும். தேதிகளுக்கு ஹில்லை நம்பலாம். அம்மனிதர் மக்களுக்கு என்னவாக இருந்தார் என்பதற்குப் பாடலையே நாட வேண்டியிருக்கிறது. ஹில்லைத் தமிழாக்க முனைவோர், தலைப்பிலுள்ள அந்த 'ரெபெல்' என்னும் சொல்லை என்ன செய்வதென்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நலம்.